பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் நிலத்துக்குள் வருகிறதா? சண்டைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளானில் ஒரு வரிசை வீடு. தோட்டத்தை விட்டு வெளியேறிய தாத்தா, சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கியது. பக்கத்து வீடு கைமாறி, புதிதாக வந்தவர்கள் பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை காலை பழைய கம்பி வேலியைப் பிடுங்கிவிட்டு, கொத்தனார் புதுச் சுவருக்கு நூல் பிடிக்கிறார். ஜன்னல் வழியே பார்த்த பாட்டி சொல்கிறார்: "நூலு நம்ம பக்கம் வருதே!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வரிசை வீட்டில் வளர்ந்த யாருக்கும் புதிதல்ல. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். அப்பா கோபமாக வெளியே போவார், அம்மா தடுப்பார், மாமா ஒருவர் "போலீஸ்ல ரிப்போர்ட் கொடு" என்பார். பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் தேடிப் பாரும்மா" என்று அந்த வேலை உங்கள் தலையில் விழும். இந்தக் கட்டுரை அந்தத் தேடலுக்காக.

அரை அடிக்கா இவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 அடி அகலம், 70 அடி நீளம் என்பது இங்கே சாதாரணமாகக் காணப்படும் வரிசை வீட்டு மனை. மொத்தம் 1,400 சதுர அடி. சுவர் முழு நீளத்துக்கும் 6 அங்குலம் உள்ளே வந்தால், போவது 35 சதுர அடி. அதாவது மனையில் 2.5 விழுக்காடு. சதுர அடிக்கு 300 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 10,500 ரிங்கிட்.

சிறிய தொகை இல்லை. ஆனால் நீதிமன்றம் வரை போனால் வழக்கறிஞர் செலவே அதைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. இன்னொரு பக்கம், வீட்டை விற்கும்போது வாங்குபவர் அளந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம். விட்டுவிடவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது. எல்லைத் தகராறுகள் பல ஆண்டுகள் இழுபடுவது இதனால்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று: பெரும்பாலான வீடுகளில் இரண்டு பக்கமும் சத்தம் போடும்போது, உண்மையான எல்லை எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்குமே தெரியாது. பழைய வேலி நின்ற இடம், வாழை மரம் இருந்த இடம், "மொத ஓனர் காட்டின இடம்" என்று ஆளுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். ஞாபகங்களை வைத்துச் சண்டை போட்டால் முடிவே வராது. முதலில் கோட்டைக் கண்டுபிடியுங்கள். பேச்சு அதற்குப் பிறகுதான்.

'12 வருஷம் அனுபவிச்சா நமக்கே சொந்தம்' - உண்மையா?

நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் இது. தீபகற்ப மலேசியாவில் இது உண்மை இல்லை.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து வரவில்லை. இந்தியாவில் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி, ஒரு தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் ஒருவர் வைத்திருந்தால், அதை மீட்கும் உரிமையை உரிமையாளர் இழக்க நேரிடும். இலங்கையில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 10 ஆண்டுகள் என்கிறது. சிங்கப்பூரிலும் இது இருந்தது, 1994 மார்ச் 1 முதல் நீக்கப்பட்டது. யூடியூபில் தமிழில் சட்டம் தேடினால் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் காணொளிகள். அவற்றில் பட்டா, சிட்டா, தாலுகா சர்வேயர், அனுபவ பாத்தியம் எல்லாம் வரும். அந்த ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு அது பொருந்தாது.

தீபகற்ப மலேசியாவில் நிலத்தை ஆள்வது 'கானூன் தானா நெகாரா' என்னும் தேசிய நிலச் சட்டம், 1965. அதன் 341வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் எத்தனை காலம் நிலத்தைத் தன் வசம் வைத்திருந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளரின் உரிமை அதனால் அழிந்துபோகாது. 12 ஆண்டு ஆனாலும் சரி, 40 ஆண்டு ஆனாலும் சரி. அரசு நிலத்துக்கும் இதே கதைதான். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் அரசு நிலம் சொந்தமாகிவிடாது என்கிறது 48வது பிரிவு. பின் சந்துவரை சமையலறையை நீட்டியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காரணம், நாம் பின்பற்றுவது 'டோரன்ஸ்' என்னும் நிலப் பதிவு முறை. 1858ல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் மேக்ஸ்வெல் அதை ஆராய்ந்து மலாயாவுக்குக் கொண்டுவந்தார். சிலாங்கூரில் 1891ல் சட்டமானது. இதன் சாரம் எளிது: யார் உரிமையாளர் என்பதைச் சொல்வது பதிவேடு. பழக்கமோ, வாய்மொழியோ, வேலியோ இல்லை.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் "நாங்க இருபது வருஷமா இந்த இடத்துலதான் பூச்செடி வெச்சிருக்கோம்" என்று சொன்னால் நீங்கள் பதற வேண்டாம். அதே சமயம், நீங்கள் இருபது வருஷமாக அவர் நிலத்தில் செடி வைத்திருந்தாலும் அது உங்களுடையது ஆகாது.

எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

வீட்டில் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் 'கிரான்' என்னும் நில உரிமைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை என்றால் அது வங்கியிடம் இருக்கும். நகல் கேளுங்கள், அல்லது நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எனப்படும் தேடல் செய்யுங்கள். அதில் பார்க்க வேண்டியவை:

- லாட் எண்ணும் பரப்பளவும். பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். 1,400 சதுர அடி என்பது ஏறக்குறைய 130 சதுர மீட்டர்.

- உரிமையின் வகை. 'கிரான்', 'பாஜாக்கான் நெகிரி' என்று இருந்தால் நிலம் முழுமையாக அளக்கப்பட்டு எல்லை உறுதியாகிவிட்டது என்று பொருள். 'எச்.எஸ்.டி' அல்லது 'எச்.எஸ்.எம்' என்று இருந்தால் அது தற்காலிக உரிமைப் பத்திரம். உரிமையாளர் நீங்கள்தான், ஆனால் இறுதி அளவை முடியும் வரை எல்லைகள் தற்காலிகமானவை. லாட் எண்ணுக்குப் பதில் 'பி.டி' எண் இருக்கும். இப்படிப்பட்ட மனையில் அரை அடி, கால் அடிக்குச் சண்டை போடுவதற்கு முன் இறுதி அளவை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

- வரைபடம். உரிமைப் பத்திரத்துடன் வரும் பிளானில் மனையின் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் திசையும் குறிக்கப்பட்டிருக்கும்.

இதைவிட விவரமானது 'பெலான் அக்கூய்' என்னும் சான்றளிக்கப்பட்ட வரைபடம். இதை வைத்திருப்பது ஜூபேம், அதாவது மலேசிய நில அளவை, வரைபடத் துறை. கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். உங்கள் மனையின் மூலைகளில் எங்கெங்கே எல்லைக் கல் இருக்கிறது, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று அதில் தெரியும்.

அந்த எல்லைக் கல்தான் மலாயில் 'பத்து செம்படான்'. பழைய வீடுகளில் அது மண்ணுக்கடியில் புதைந்திருக்கலாம், சிமெண்டுக்குள் போயிருக்கலாம், சாக்கடை வேலையின்போது காணாமலும் போயிருக்கலாம். கல் காணவில்லை என்பதால் எல்லை தொலைந்துவிடாது. வரைபடத்தை வைத்து அதே இடத்தில் மறுபடி நடலாம்.

ஆனால் அதை நீங்களோ, அவரோ, கொத்தனாரோ செய்யக்கூடாது. எல்லைக் கல்லைப் பிடுங்குவதும் இடம் மாற்றுவதும் குற்றம். அரசு அதிகாரத்தின் பேரில் நட்ட எல்லைக் குறியை அழிப்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 434வது பிரிவு தனியாகவே இருக்கிறது.

டேப் பிடித்து அளந்தால் போதாதா?

போதாது. டேப்பை எங்கிருந்து பிடிப்பீர்கள்? பழைய வேலியிலிருந்தா? அந்த வேலியே தப்பான இடத்தில் இருந்தால்? கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கோடும் ஆதாரம் ஆகாது.

இதற்குத் தேவை உரிமம் பெற்ற நில அளவையாளர். மலாயில் 'ஜூருஉக்கூர் தானா பெர்லெசென்'. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஜூருஉக்கூர் தானா வாரியத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். 'சர்வேயர்' என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். கட்டடச் செலவைக் கணக்கிடும் குவாண்டிட்டி சர்வேயர் வேறு, கட்டடத்தின் நிலையை ஆராயும் பில்டிங் சர்வேயர் வேறு. எல்லையைக் காட்ட இவர்களால் முடியாது.

அழைப்பதற்கு முன் எழுத்தில் விலை கேளுங்கள். "எல்லைக் கல்லைத் தேடிக் காட்டுவீர்களா, காணாமல் போனால் மறுபடி நடுவீர்களா, சுவர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அறிக்கை தருவீர்களா?" இந்த மூன்றும் தனித்தனி வேலைகள். உங்களுக்கு எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வழக்குக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அறிக்கை கட்டாயம் வேண்டும்.

இன்னொரு விஷயம். அளந்த பிறகு முடிவு உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும் என்று உறுதியில்லை. "நம்ம வேலிதான் இத்தன நாளா அவங்க பக்கம் இருந்திருக்கு" என்று தெரிய வரலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எந்த அலுவலகம் எதற்கு?

பலர் அலைந்து சோர்ந்துபோவது இங்கேதான். நகராண்மைக் கழகத்துக்குப் போய் "என் நிலத்தை மீட்டுத் தாங்க" என்றால் அவர்கள் கையை விரிப்பார்கள். அது அவர்கள் வேலை இல்லை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும்.

"நிலம் யாருடையது?" - நில அலுவலகம்.
"கோடு எங்கே ஓடுகிறது?" - ஜூபேம், உரிமம் பெற்ற அளவையாளர்.
"இந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா?" - நகராண்மைக் கழகம் அல்லது மாநகர் மன்றம்.
"இடி, நிறுத்து, இழப்பீடு கொடு" என்று உத்தரவிடுவது - நீதிமன்றம்.
மிரட்டல், அடிதடி, சொத்தைச் சேதப்படுத்துதல் - போலீஸ்.

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதவும் மாறும். 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர், கோலாலம்பூரை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. அதனால் பிரிக்பீல்ட்ஸில் வீடு இருந்தால் நில விவகாரத்துக்குக் கூட்டரசுப் பிரதேச நில, கனிம அலுவலகம், கட்டட அனுமதிக்கு டிபிகேஎல். கிள்ளானில் வீடு இருந்தால் நிலத்துக்குக் கிள்ளான் மாவட்ட நில அலுவலகம், கட்டடத்துக்குக் கிள்ளான் அரச மாநகர் மன்றம். 2024 பிப்ரவரியில் கிள்ளான் மாநகரானதால் இந்தப் பெயர் மாற்றம். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், சுபாங் ஜெயாவுக்கும் தனித்தனி மாநகர் மன்றங்கள் உண்டு.

கட்டட அனுமதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70வது பிரிவின்படி, முன் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. வீட்டை நீட்டிக் கட்டுவதும் இதில் அடங்கும். பக்கத்து வீட்டில் வேலை ஆரம்பித்து, அனுமதிப் பலகையும் இல்லை என்றால், மாநகர் மன்றத்தில் கேட்கலாம். அனுமதி இல்லை என்றால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நிலம் யாருடையது என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிமெண்ட் காய்வதற்குள் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

பேசுவது எப்படி?

கையில் வரைபடம் வந்ததும், வழக்கறிஞருக்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சுவர் எழும்புவதற்கு முன் பேசினால் நகர வேண்டியது ஒரு நூல்தான். எழும்பிய பிறகு பேசினால் இடிக்க வேண்டியது சுவர்.

குற்றம் சாட்டுவது போல் ஆரம்பிக்காதீர்கள். "அங்கிள், வேலைக்கு இடைஞ்சல் பண்ண வரல. சுவர் ஏத்துறதுக்கு முன்னாடி கோடு எங்க இருக்குன்னு ரெண்டு வீடும் சேர்ந்து ஒரு தடவ பாத்துக்கலாமா? பிளான் காப்பி எங்கிட்ட இருக்கு. சர்வேயரக் கூப்பிட்டா செலவப் பாதிப் பாதி போட்டுக்கலாம்." இந்த அளவு போதும். பக்கத்து வீட்டில் இருப்பவர் பாக்சிக் என்றாலும், சீன அங்கிள் என்றாலும், விஷயம் ஒன்றுதான்: நீங்கள் உரிமை கேட்கவில்லை, அளக்கக் கேட்கிறீர்கள். அளக்க மறுப்பவரைவிட அளக்க அழைப்பவருக்குத்தான் பின்னால் எந்த அலுவலகத்திலும் மதிப்பு.

வீட்டுப் பெரியவர்களைப் பேச விடலாமா? அது குடும்பத்தைப் பொறுத்தது. அப்பாவுக்குச் சீக்கிரம் கோபம் வரும் என்றால், முதல் பேச்சுக்கு நீங்களும் அம்மாவும் போங்கள். கொத்தனாரிடம் கத்துவதில் பயனில்லை. அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், முடிவெடுப்பவர் இல்லை.

பேசி முடித்ததும் அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "அங்கிள், இன்னைக்குப் பேசினதுக்கு நன்றி. வர்ற சனிக்கிழமை சர்வேயர் வர்ற வரைக்கும் அந்தப் பக்கச் சுவர் வேலைய நிறுத்தி வெக்கிறதாச் சொன்னீங்க." சண்டைக்கு ஆதாரம் சேர்ப்பது போல் தோன்றலாம். உண்மையில் இது இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்வதைத் தடுக்கிறது. தேதியுடன் படமும் எடுத்து வையுங்கள்: வேலி எடுப்பதற்கு முன், எடுத்த பின், சுவர் எழும்பும்போது.

சும்மா இருப்பதற்கும் விலை உண்டு

341வது பிரிவு நம்மைக் காப்பாற்றும் என்றால், பேசாமல் இருந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

நாடுகளுக்கிடையே நடந்த ஓர் எல்லைத் தகராறு இதற்குப் பாடம். ஜொகூருக்கு அப்பால் கடலில் இருக்கும் பத்து பூத்தே தீவில் 1851 முதல் கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சிங்கப்பூர் நிர்வகித்துவந்தது. 1953 செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளர், அந்தத் தீவின் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்று ஒரு கடிதம் எழுதினார். பின்னர் மலேசியா தீவுக்கு உரிமை கொண்டாடியபோது அந்தக் கடிதமும், பல்லாண்டு மௌனமும் எதிராக நின்றன. 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் 12க்கு 4 என்ற கணக்கில் தீவைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது.

வீட்டு மனைக்கு அனைத்துலகச் சட்டம் பொருந்தாது. பேசாமல் இருந்ததால் உங்கள் உரிமைப் பத்திரம் செல்லாமல் போகாது. ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் கேட்கும் நிவாரணம் வேறு விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் பல்லாயிரம் ரிங்கிட் செலவு செய்து கட்டும்போது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு "இடி" என்றால், நீதிபதி "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1895ல் வந்த ஒரு தீர்ப்பின் வழியில், பாதிப்பு சிறிது, அதைப் பணத்தால் அளக்க முடியும், சிறு தொகை ஈடாகும், இடிக்கச் சொல்வது எதிர்த்தரப்புக்கு மிகப் பெரிய கொடுமையாகும் என்ற நிலையில், இடிக்க உத்தரவிடாமல் இழப்பீடு மட்டும் கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு வழியுண்டு. நிலம் உங்கள் பெயரில் இருக்கும், சுவர் அங்கேயே நிற்கும்.

ஆகவே பிரச்சினை பண்ண வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அதை எழுத்தில் செய்யுங்கள். "உங்க பூந்தொட்டி இருக்கட்டும், ஆனா அது எங்க லாட்டுக்குள்ள இருக்கு, தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கணும்" என்று இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். அது அனுமதி, விட்டுக்கொடுப்பு இல்லை. "அந்த அரை அடிய எனக்கே வித்துடுங்க" என்று அவர் கேட்டால், கையில் காசு வாங்கி முடித்துவிடாதீர்கள். நிலம் கைமாற நில அலுவலகத்தில் முறையாகப் பதிவாக வேண்டும். மனையைப் பிரிக்க அரசு ஒப்புதலும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். வரிசை வீட்டில் இது நடைமுறையில் மிகக் கடினம்.

பேச்சு முறிந்தால்?

படிப்படியாகப் போங்கள்.

1. சமரசம். உங்கள் தாமானில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதா என்று பாருங்கள். 1975ல் தொடங்கிய இந்த அமைப்பு ரோந்து சுற்றுவதற்கு மட்டும் இல்லை. 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம் அக்கம்பக்கத்துப் பூசல்களில் சமரசம் செய்யும் பணியையும் அதற்குக் கொடுத்திருக்கிறது. தேசிய ஒருமைப்பாட்டுத் துறையிடம் பயிற்சி பெற்ற சமூக சமரசாளர்கள் இருக்கிறார்கள். இவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இருவரையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். கோவிலிலும் கடையிலும் தினம் முகம் பார்க்க வேண்டிய இடத்தில் இது நல்ல வழி.

2. வழக்கறிஞர் கடிதம். அளவையாளர் அறிக்கையுடன், குறிப்பிட்ட நாளுக்குள் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் கடிதம். பல தகராறுகள் இந்தக் கட்டத்தில் இறங்கி வரும். சட்ட ஆலோசனை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், சட்ட உதவித் துறையான 'ஜாபாத்தான் பந்துவான் குவாமான்' அலுவலகத்தில் கேளுங்கள்.

3. நீதிமன்றம். அத்துமீறல் என்று வழக்குத் தொடுத்து, அகற்றும் உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். எந்த நீதிமன்றம் என்பது நீங்கள் கேட்பதைப் பொறுத்தது, வழக்கறிஞர் சொல்வார். சுவர் வேலையில் உங்கள் ஓடும் டைல்ஸும் உடைந்தன, வேண்டியது பணம் மட்டும்தான் என்றால், 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். நிலத்தை மீட்கக் காலக்கெடு இல்லை என்றாலும், இப்படி இழப்பீடு கேட்பதற்குப் பொதுவாக 6 ஆண்டுகள்தான்.

எந்தக் கட்டத்திலும் செய்யக் கூடாதது: சுத்தியல் எடுத்து நீங்களே சுவரை உடைப்பது. சுவர் உங்கள் நிலத்தில் இருந்தாலும், அந்த ஒரு செயலால் புகார் கொடுப்பவர் அவராகவும், காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்களாகவும் மாறிவிடலாம். சண்டையைக் காணொளி எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். லைக் வரும், ஆனால் சமரசத்துக்கான கதவு மூடிவிடும்.

மாமரம், கூரை, மழைத்தண்ணீர்

எல்லைத் தகராறு எல்லாம் சுவரில்தான் ஆரம்பிக்கும் என்றில்லை.

மரக்கிளை: அவர் வீட்டு மாமரக் கிளை உங்கள் பக்கம் வந்தால், எல்லைக் கோடு வரை நீங்கள் வெட்டலாம். அவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வெட்டிய கிளையும் அதில் இருக்கும் மாங்காயும் அவருடையவை. இது பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த விதி. 1956 ஏப்ரல் 7 வரை இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டத்தை, நம் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்குத் தீபகற்ப மலேசிய நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. ஆனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு முருங்கை பெரும்பாலும் இரண்டு வீட்டுச் சாம்பாருக்கும் சேர்த்துத்தான் காய்க்கிறது.

கூரை: நிலத்துக்கு மேலே, நியாயமாகத் தேவைப்படும் உயரம் வரை, வான்வெளியும் உங்களுடையது என்கிறது தேசிய நிலச் சட்டத்தின் 44வது பிரிவு. சுவர் அவர் பக்கம் இருந்தாலும், கூரையின் ஓரமோ ஏர்கான் பெட்டியோ கோட்டைத் தாண்டினால் அதுவும் அத்துமீறல்தான். மழைத்தண்ணீர் உங்கள் சுவரில் கொட்டினால், அதைத் தொல்லை என்று தனியாகவே கேட்கலாம்.

மண்: அதே பிரிவு, உங்கள் நிலத்தின் இயல்பான மண்ணுக்குப் பக்கத்து நிலம் தாங்கலாக இருக்க வேண்டும் என்கிறது. மேட்டுப் பகுதியில் பக்கத்து மனையைத் தோண்டி, உங்கள் பக்கம் மண் சரிந்தால் அரை அடிப் பேச்சை விட்டுவிடுங்கள். அது உயிர் விஷயம். உடனே மாநகர் மன்றத்துக்குச் சொல்லுங்கள்.

நடுச்சுவர்: வரிசை வீடுகளுக்கு இடையே இருக்கும் பொதுச் சுவரின் நடுவேதான் பொதுவாக எல்லை ஓடும். அதை இருவரும் பயன்படுத்துகிறார்கள், அதனால் ஒருவர் மட்டும் இஷ்டத்துக்கு உடைக்க முடியாது.

கண்டோவில் இருந்தால்?

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் இளையவர்கள் பலருக்கு நிலமே கிடையாது, வாடகைக்கோ சொந்தமாகவோ ஒரு யூனிட்தான். அங்கே எல்லைத் தகராறு நடைபாதையில் வைத்த காலணி அலமாரி, கார் நிறுத்துமிடம் என்று வரும். நடைபாதை 'ஹார்த்தா பெர்சாமா', பொதுச் சொத்து. கார் நிறுத்துமிடம் உங்கள் யூனிட்டுடன் சேர்ந்த 'பெத்தாக் அக்சசோரி'யா, அல்லது நிர்வாகம் ஒதுக்கியதா என்று ஸ்ட்ராத்தா பத்திரத்தில் பாருங்கள். நிர்வாகக் குழுவிடம் பேசித் தீரவில்லை என்றால், 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

தப்பு நம் பக்கம் என்றால்?

அளந்து பார்த்ததில் உங்கள் வீட்டுச் சுவர்தான் அவர் நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், மறைக்காதீர்கள். அடுத்து அவர் அளக்கும்போது எப்படியும் தெரியப்போகிறது. "எங்க தாத்தா காலத்துல கட்டினது, எங்களுக்கே இப்பதான் தெரியும்" என்று நீங்களே போய்ச் சொல்லிவிட்டு, அகற்றுவதா, எழுத்தில் அனுமதி வாங்குவதா என்று பேசுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிரான் நகலைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டு மூலையில் எல்லைக் கல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். தெரிந்தால் அதையும் படம் எடுங்கள். வேலி எதற்காக அந்த இடத்தில் போட்டார்கள் என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஞாபகம் ஆதாரம் ஆகாது. ஆனால் பக்கத்து வீட்டில் பழைய வேலியைப் பிடுங்கும் சனிக்கிழமை காலையில், எங்கே தேட ஆரம்பிப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.